பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு

1981 இலையுதிர் காலத்தில் ஒரு வார இறுதி. அமெரிக்காவின் ஏ.பி.சி. டி.வி. நிறுவனம் இரண்டு கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களை ஒளிபரப்பியது. ஒன்றில் ஓக்லஹோமாவும் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமும் மோதின. இரண்டுமே ஜாம்பவான்கள். 200-க்கும் அதிகமான நிலையங்கள் அந்த ஆட்டத்தைக் காட்டின. மற்றொன்றில் மோதியவை சிட்டடெல் என்ற ராணுவக் கல்லூரியும் அப்பலேச்சியன் ஸ்டேட்டும். அதைக் காட்டியவை நான்கே நிலையங்கள். ஆட்டம் முடிந்ததும் நான்கு அணிகளுக்கும் டி.வி. பணம் போய்ச் சேர்ந்தது. நான்குக்கும் ஒரே தொகை.

இந்த மாதிரி ஏற்பாடு ஓக்லஹோமாவுக்குப் பொறுக்கவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 108 வயதான ஒரு விளையாட்டுக் கூட்டணி 2023 ஆகஸ்டில் சீட்டுக்கட்டு வீடு மாதிரிச் சரிந்து விழுந்ததன் மூலக் கதை அந்த வழக்கில்தான் ஆரம்பிக்கிறது.

பெயர்தான் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தூக்கி எறிவதும், ஓடுபவனை ஒரு கூட்டமே மேலே விழுந்து அமுக்குவதும்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி. கால் பந்தைத் தொடுவது அபூர்வம். இதைக் கல்லூரி மாணவர்கள் ஆடுவதைப் பார்க்க அமெரிக்காவில் கூடும் கூட்டத்தை மற்ற நாட்டவர்கள் கற்பனை செய்வது கஷ்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். உயர்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் அதிகமான பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடும் ஒரு அணி எல்லோருடனும் மோதிப் பார்க்க முடியாது. எனவே அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கான்பரன்ஸ் என்ற கூட்டணி அமைத்துக்கொண்டன. தங்களுக்குள் ஆடிச் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது, மாணவர்களைச் சேர்ப்பதில் ஒரே விதிகளைக் கடைப்பிடிப்பது, வசூலைப் பங்கிடுவது - இவைதான் கூட்டணியின் வேலை. அவற்றில் மூத்தது 1896-ல் ஏழு பல்கலைக்கழகங்களோடு பிறந்து, பின்னர் பிக் டென் என்று பெயரெடுத்தது.

கூட்டணி என்றதும் வாசகர்களுக்குத் தேர்தல் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. 2021 ஆகஸ்டில் பிக் டென், மேற்குக் கரையின் பேக்-12, அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி. ஆகிய மூன்றும் தங்களுக்குள் ஒரு 'மகா கூட்டணி' அறிவித்தன. தென் மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டணி, டெக்சாஸையும் ஓக்லஹோமாவையும் பிக் 12-லிருந்து இழுத்துக்கொண்ட பீதியில் பிறந்த ஏற்பாடு அது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்தில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டோம், அது போதும் என்றார்கள் நிர்வாகிகள். பத்தே மாதத்தில் பிக் டென், பேக்-12-ன் இரண்டு பெரிய வீடுகளைச் சத்தமில்லாமல் பெயர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. நம்மூர் அரசியல்வாதிகள்கூடத் தொகுதிப் பங்கீட்டைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஓக்லஹோமா தொடுத்த வழக்குக்கு வருவோம். டி.வி. வந்த புதிதில் கல்லூரிகளுக்கு ஒரே பயம்: வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் மைதானத்துக்கு யார் வருவார்கள்? அதனால் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1950-களின் துவக்கத்தில் கடிவாளத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சனிக்கிழமைக்கு ஒரே ஆட்டம்தான் டி.வி.யில் வரும். எந்த அணியாக இருந்தாலும் பருவத்துக்கு ஒரு முறைதான். நாளடைவில் கடிவாளம் தளர்ந்தது. ஆனால் 1982-லிருந்து அமலுக்கு வரும்படி ஏ.பி.சி., சி.பி.எஸ். நிறுவனங்களுடன் போட்ட நான்கு வருட ஒப்பந்தத்திலும், இரண்டு வருடங்களில் ஆறு முறைக்கு மேல் ஒரு அணி முகம் காட்டக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. சனிக்கிழமை ஃபுட்பாலுக்கு அமல்படுத்தப்பட்ட ரேஷன் அது.

1984 ஜூன் 27-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரேஷனை ஒழித்தது. உற்பத்தியைச் செயற்கையாகக் குறைத்து விலையையும் தானே நிர்ணயிக்கும் இந்த ஏற்பாடு போட்டியை ஒடுக்குகிறது, ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தை மீறுகிறது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டு பேர் மாறுபட்டார்கள். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய பைரன் வைட் சாதாரண நீதிபதி அல்ல. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் நட்சத்திரம். 1938-ல் தொழில்முறை லீகிலேயே பந்தோடு ஓடி அதிக தூரம் கடந்த ஆட்டக்காரர். ஒன்பது நீதிபதிகளில் அந்த மைதானத்தின் மண்ணைத் தின்றவர் அவர் ஒருவர்தான். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரம் என்று எண்ணி அளக்கக் கூடாது, வரும்படி நாலு பேருக்குப் பரவவும் கல்லூரிகள் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் கம்பெனிகளாக மாறாமலிருக்கவும் இந்தக் கட்டுப்பாடு உதவுகிறது என்பது அவருடைய வாதம்.

சட்டப்படி பெரும்பான்மைத் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. பழைய ஏற்பாடு ஏகபோகம்தான். மாணவர்களை ஓட விட்டு வசூலைச் சங்கம் நிர்வகித்தது. பார்க்க விரும்பியவர்களுக்குப் பார்க்கக் கொடுக்கவில்லை. ஆனாலும் வைட் சுட்டிக் காட்டிய விஷயத்தை அப்போது யாரும் சட்டை செய்யவில்லை. ஒளிபரப்பு உரிமை தேசிய சங்கத்தின் கையிலிருந்து நழுவியதும் கூட்டணிகளின் கைக்கு வந்தது. விற்பனைக்குச் சரக்கு சேர்க்கும் வேலை அவற்றுக்கு வந்து சேர்ந்தது. எந்தப் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது என்ற பழைய கேள்வி போய், எது விலை போகும் என்ற கேள்வி வந்தது.

முதலில் தனிக்கடை போட்டது கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோத்ர தாம். 1990-ல் என்.பி.சி.யுடன் அது தனக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு பென் ஸ்டேட் சேர, பிக் டென்னில் பதினோரு உறுப்பினர்கள். பெயரை மாற்ற மனமில்லை. சின்னத்தில் எழுத்துகளுக்கு நடுவே 11 என்ற எண்ணை ஒளித்து வைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். 1992-ல் எஸ்.இ.சி. 12 அணிகளாகப் பெருத்து, இரண்டு பிரிவாகப் பிரிந்து, டிசம்பரில் இறுதிப் போட்டி என்ற புதுச் சரக்கையும் விற்றது.

முதல் பலி 1996-ல். பெரும்பாலும் டெக்சாஸ் பல்கலைக்கழகங்களே நிறைந்த சவுத்வெஸ்ட் கான்பரன்ஸ் கலைந்தது. நான்கு பேர் புதிதாகப் பிறந்த பிக் 12-ல் இடம் பிடித்தார்கள். டி.சி.யு., எஸ்.எம்.யு., ரைஸ், ஹூஸ்டன் நால்வரும் நடுத்தெருவில். டி.சி.யு. மூன்று கூட்டணிகள் மாறி 2012-ல் பிக் 12-க்குள் நுழைந்தது. ஹூஸ்டனுக்கு 2023 வரை பிடித்தது. டல்லஸ் நகரத்தின் எஸ்.எம்.யு. கதை இன்னும் விசேஷம். ஆட்டக்காரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக 1987-ல் ஒரு பருவம் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. 28 வருடக் காத்திருப்புக்குப் பின் 2024-ல் ஏ.சி.சி.க்குள் நுழைந்தபோது, ஒன்பது வருடத்துக்கு டி.வி. பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நுழைந்தது. ஒரு காலத்தில் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்து மாட்டியவர்கள், இப்போது ஆடும் இடத்துக்கே விலை கொடுக்கிறார்கள்.

விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். 2007-ல் பிக் டென் சொந்தமாகக் கேபிள் சேனல் தொடங்கியது. ஒரு மாநிலத்தில் உறுப்புப் பல்கலைக்கழகம் இருந்தால் அங்கே கேபிள் வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமிருந்தும் மாதாமாதம் கூடுதலாக வசூலிக்கலாம். அவர் ஆட்டம் பார்க்கிறாரா, சமையல் நிகழ்ச்சி பார்க்கிறாரா என்பது பிரச்னையே இல்லை. 2014-ல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் மேரிலாண்டும் பிக் டென்னில் சேர்க்கப்பட்டது இதனால்தான். ரட்கர்ஸின் ஆட்டத்துக்கு மயங்கி யாரும் அதை அழைக்கவில்லை. நியூயார்க் சுற்றுவட்டாரத்தின் கேபிள் வீடுகள்தான் குறி.

மேற்குக் கரை அதுவரை அமைதியாக இருந்தது. 1915 டிசம்பரில் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகர ஹோட்டல் ஒன்றில் கூடி நான்கு கல்லூரிகள் தொடங்கிய கூட்டணி அங்கே இருந்தது: பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், வாஷிங்டன், ஓரிகான், பின்னாளில் ஓரிகான் ஸ்டேட் என்று பெயர் மாறிய விவசாயக் கல்லூரி. இரண்டு ஆண்டு கழித்து வாஷிங்டன் ஸ்டேட்டும் அதற்கடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டும் வந்தன. (இந்த வாஷிங்டன் வடமேற்கு மூலையில் இருக்கும் மாநிலம், தலைநகரம் அல்ல.) மெல்ல வளர்ந்து 2011-ல் பன்னிரண்டானது. மேற்படிப்புக்கு விசா வாங்கும் இந்திய மாணவர்களுக்கு அந்தப் பட்டியலில் பாதிப் பெயர்களாவது தெரிந்திருக்கும்.

பன்னிரண்டும் ஆறு ஜோடிகள். லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இரண்டு, அரிசோனாவில் இரண்டு, ஓரிகானில் இரண்டு, வாஷிங்டனில் இரண்டு, மலைப்பிரதேசத்தில் யூட்டாவும் கொலராடோவும். கூடைப்பந்து அணி ஒன்று ஓரிகானுக்குப் புறப்பட்டால் ஒரே பயணத்தில் யூஜீன் நகரில் ஒரு ஆட்டம், 70 கிலோமீட்டருக்குள் இருக்கும் கார்வாலிஸில் அடுத்த ஆட்டம் என்று முடித்துக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். வரைபடத்தைப் பார்த்து யாரோ நிதானமாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

அந்தக் குடும்பத்திலும் ஒரு பழைய தழும்பு உண்டு. ஆட்டக்காரர்களுக்கு ரகசியப் பணம் கொடுத்த ஊழலில் சிக்கிக் கூட்டணி 1959-ல் கலைந்தது. பெரிய நகரத்துப் பல்கலைக்கழகங்கள் உடனே புதுக் கூட்டணி அமைத்தன. வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-ல்தான் சேர்த்துக்கொண்டன. ஓரிகான் மாநிலத்தின் இரண்டும் 1964 வரை வெளியே நின்றன. 1922-லிருந்து உறுப்பினராக இருந்த ஐடஹோ பல்கலைக்கழகத்துக்கு அழைப்பே வரவில்லை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் ஊரிலிருந்து ஐடஹோவின் மைதானம் 13 கிலோமீட்டர் தூரம். அந்த 13 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது புல்மன்காரர்களுக்கு 2023-ல் தெரிந்தது.

சரிவுக்கு வில்லன் யார் என்று தேடினால் பலர் கிடைப்பார்கள். 2009 முதல் 2021 வரை கூட்டணியை நடத்திய லாரி ஸ்காட் பெரிய கனவுகளுக்குப் பேர்போனவர். 2010-ல் டெக்சாஸ், ஓக்லஹோமா உள்ளிட்டவர்களை இழுத்துப் பதினாறாக்கப் பார்த்தார்; கடைசி நிமிடத்தில் கைநழுவியது. 2011-ல் ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் நிறுவனங்களுடன் 12 வருடத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த ஆண்டு கூட்டாளிகள் யாருமில்லாமல் சொந்தச் சேனல்கள் தொடங்கினார். டைரக்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் சேவை கடைசிவரை அதை ஏற்கவே இல்லை. சேனல் இருந்தது, பார்க்க வழிதான் இல்லை. இதற்கிடையில் ஸ்காட்டின் சம்பளம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை ஒட்டி இருந்தது.

2022 ஜூன் 30. தெற்கு கலிபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னில் சேருவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் ஜோடி கைகோத்து வெளியேறிவிட்டது. அடுத்த ஏழு வாரத்தில் பிக் டென் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தை மூன்று டி.வி. நிறுவனங்களுடன் முடித்தது. யு.சி.எல்.ஏ. அணியில் ஆடிப் பெயர் பெற்ற கூடைப்பந்து மேதை பில் வால்டன், தன் பல்கலைக்கழகமே செய்த இந்தக் காரியத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கூடைப்பந்து வர்ணனையில் பேக்-12-ஐ 'சாம்பியன்களின் கூட்டணி' என்று வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்தவர் அவர். 2024 மே மாதம் வால்டன் இறந்தார். அடுத்த சில வாரங்களில் கூட்டணியும் முடிந்தது.

மிஞ்சிய பத்துக்குப் புது ஒப்பந்தம் தேடும் வேலை ஸ்காட்டுக்குப் பின் வந்த ஜார்ஜ் கிளியாவ்காஃப் தலையில் விழுந்தது. ஒரு வருடம் அலைந்தார். நல்ல விலை வரும், பொறுங்கள் என்றார். அதற்குள் பிக் 12, சந்தையில் முந்திக்கொண்டு உறுப்பினருக்கு ஆண்டுக்குச் சுமார் 3.17 கோடி டாலர் கிடைக்கும்படி விற்று முடித்திருந்தது. 2023 ஜூலை 27-ல் கொலராடோ பொறுமை இழந்து பிக் 12-க்குப் போனது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எச்சரித்த பைரன் வைட்டின் பல்கலைக்கழகம்தான் மீதியிருந்த சீட்டுக்கட்டிலிருந்து முதல் சீட்டை உருவியது. ஆகஸ்ட் துவக்கத்தில் கிளியாவ்காஃப் காட்டியது ஆப்பிள் கம்பெனியின் இணைய ஒளிபரப்பு: சந்தாதாரர்கள் சேரச் சேரப் பணம் கூடும். எத்தனை பேர் சேருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஒன்பது பல்கலைக்கழகங்களும் காலையில் கையெழுத்திட்டுவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மாலைக்குள் வாஷிங்டனும் ஓரிகானும் பிக் டென்னில் இருந்தன. முழுப் பங்குகூட இல்லை. மற்றவர்கள் வாங்குவதில் பாதி போல ஆரம்பித்தால் போதும் என்று சம்மதித்துப் போயின. பின்னாலேயே அரிசோனா ஜோடியும் யூட்டாவும் பிக் 12-க்கு. ஒரே நாளில் ஐந்து பேர். செப்டம்பர் முதல் தேதி விரிகுடா ஜோடியான ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.க்குப் போயின. பசிபிக் கரையில் நின்றுகொண்டு அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் உறுப்பினர்!

ஆறு ஜோடிகளில் நான்கு, ஜோடியாகவே புதுக் குடித்தனம் போய்விட்டன. ஓரிகானும் வாஷிங்டனும் மட்டும் தங்கள் மாநிலத்துச் சகோதரர்களை விட்டுவிட்டு ஒருவரோடொருவர் சேர்ந்துகொண்டன. ஓரிகானுக்கு நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் பணமும், வாஷிங்டனுக்கு சியாட்டில் நகரமும் பின்னால் நின்றன. கார்வாலிஸிலும் புல்மனிலும் அப்படி யாரும் இல்லை.

புல்மன், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். ஜனத்தொகை ஏறத்தாழ 33,000. மைதானத்தில் இருக்கைகளும் ஏறத்தாழ 33,000. ஊரே எழுந்து வந்தாலும் உட்கார இடம் உண்டு. தடகள ரசிகர்களுக்கு அந்த ஊர் வேறு வகையில் பரிச்சயம். கென்யாவின் ஹென்றி ரோனோ 1978-ல் 81 நாட்களில் நான்கு உலக சாதனைகளை முறியடித்தபோது வாஷிங்டன் ஸ்டேட்டின் மாணவர். ஓரிகான் ஸ்டேட்டின் கார்வாலிஸோ 16 கோடி டாலருக்கு மேல் செலவழித்து மைதானத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. கூட்டணி சிதறியது ஆகஸ்டில். செப்பனிட்ட மைதானத்தைத் திறந்தது செப்டம்பரில்.

இவர்கள் மோசமாக ஆடியதால் ஒதுக்கப்பட்டார்கள் என்றால் ஒரு நியாயம் இருக்கும். 2022 பருவத்தில் ஓரிகான் ஸ்டேட் பத்து ஆட்டங்களில் ஜெயித்தது. அதில் ஒன்று ஓரிகானுக்கு எதிராக. 2018-ல் வாஷிங்டன் ஸ்டேட் பதினொன்றில் ஜெயித்தது. இரண்டுக்கும் இல்லாதது பெரிய நகரம். டி.வி.க்காரர்கள் மைதானத்துக்கு வந்தால் தலைகளை எண்ணுகிறார்கள், ஆட்டத்தை அல்ல.

இருவரும் அழுதுகொண்டு உட்காரவில்லை. புல்மனுக்குப் பக்கத்திலுள்ள கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரின் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். வெளியேறப் போகும் பத்து பேரும் நிர்வாகக் குழுவில் ஓட்டுப் போட்டால் கூட்டணியைக் கலைத்து, கஜானாவைப் பங்கு போட்டுக்கொண்டு போய்விடலாம். விலகுவதாக அறிவித்தவருக்கு ஓட்டு கிடையாது என்கிறது கூட்டணியின் சொந்த விதி. 2023 நவம்பரில் நீதிபதி அதையே சொன்னார். மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கடைசியில் சமரசம்: போகிறவர்கள் பத்து பேரும் சேர்ந்து 6.5 கோடி டாலரை விட்டுவிட்டுப் போக வேண்டும். பெயர், சின்னம், கஜானா எல்லாம் மிஞ்சிய இருவருக்கு. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடைசிப் பருவத்தில் பேக்-12 பிரமாதமாக ஆடியது. வாஷிங்டன் தேசிய இறுதிப் போட்டி வரை போய் மிச்சிகனிடம் தோற்றது.

போனவர்களுக்கு எல்லாம் சுகமா? ஃபுட்பால் அணி சனிக்கிழமை மட்டும் ஆடுகிறது, தனி விமானத்தில் போகிறது. அதன் வருமானத்தில்தான் வாலிபால், சாஃப்ட்பால், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் நடக்கின்றன என்பது நிர்வாகிகளின் வாதம். வாஸ்தவம்தான். ஆனால் அதே வருமானத்துக்காக அந்தப் பெண்கள் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஜெர்சிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து, மூன்று மணி நேரம் முன்னதாக விடியும் ஊரில் ஆடிவிட்டுப் பாடப் புத்தகத்தோடு திரும்ப வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் இன்னொரு கூத்து. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே ஆட்சிக் குழுவுக்குச் சொந்தமானவை. தம்பி வீட்டை விட்டுப் போனதால் மூத்தவனுக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்த்த குழு, 2024 மே மாதம் யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வீதம் மூன்று ஆண்டு பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு ஜீவனாம்சம் என்று பொருள்படும் பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

பசடீனாவின் ரோஸ் பௌல் ஆட்டம் 1947 முதல் பல பத்தாண்டுகள் பசிபிக் கரைச் சாம்பியனும் பிக் டென் சாம்பியனும் சந்திக்கும் புத்தாண்டுச் சடங்கு. 2025 ஜனவரி முதல் தேதி ஓஹியோ ஸ்டேட்டும் ஓரிகானும் அங்கே மோதின. பழைய வழக்கம் போலத்தான் தோன்றியது - இரண்டு பேருமே இப்போது பிக் டென் என்பதைத் தவிர. பத்து என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டணியில் இன்று பதினெட்டு உறுப்பினர்கள். பன்னிரண்டு என்று பெயர் வைத்துக்கொண்டதில் பதினாறு. கணக்குப் பாடத்தில் இவர்கள் யாரும் பாஸாக மாட்டார்கள்.

கூட்டணிக்குள்ளேயே சமபங்கு என்ற எண்ணமும் கரைகிறது. ஏ.சி.சி.யை விட்டு வெளியேற வழக்குப் போட்ட ஃப்ளோரிடா ஸ்டேட், 2025 மார்ச்சில் சமரசத்துக்கு வந்தது. டி.வி. பணத்தில் பெரும்பகுதியை இனி பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரிப்பது என்று முடிவு. சிட்டடெலுக்கும் ஓக்லஹோமாவுக்கும் ஒரே தொகை கொடுத்த 1981-ன் அந்த வார இறுதி, இதோடு சுத்தமாக அடைபட்ட கணக்கு.

ஒருவர் கட்சிக்கு மட்டும் லாபம் நிச்சயம்: ஆடுகிற பையன்கள். இவ்வளவு கோடி புரள்கிறபோது அவர்களை மட்டும் படிப்புச் சலுகையோடு நிறுத்துவது எப்படி நியாயம் என்று கோர்ட்டுகள் கேட்கத் துவங்கின. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசப்படி முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு 280 கோடி டாலர் நிலுவை கொடுக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களும் 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகக் கொடுக்க அனுமதி கிடைத்தது. சம்பள கம்பெனி ஆகிவிடக் கூடாது என்று வைட் பயந்த இடத்துக்கு வண்டி வந்து நின்றுவிட்டது. பையன்களைப் பொறுத்தவரை நியாயமான இடம்தான். ஆனால் அந்தப் பணத்தை எடுக்க ஒவ்வொரு ஊரிலும் எதையாவது வெட்ட வேண்டும். புல்மனில் 2025 ஜூனில் வெட்டியது தடகளத்தை. தாண்டுதலும் எறிதலும் நிறுத்தப்பட்டன. குறுந்தூர ஓட்டம் சுருக்கப்பட்டது. ரோனோவின் நெடுந்தூரம் மட்டும் தப்பியது.

தெருவில் விடப்பட்ட இருவரும் என்ன செய்தார்கள்? 2024 பருவத்துக்கு எதிரணிகள் வேண்டி, மலைப்பிரதேசத்தின் சிறிய கூட்டணியான மவுண்டன் வெஸ்ட்டின் கதவைத் தட்டினார்கள். அவர்கள் உதவினார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளை இழுத்தால் தலைக்கு ஒரு கோடி டாலருக்குக் குறையாமல் அபராதம் என்று எச்சரிக்கையாக ஒரு ஷரத்தும் எழுதி வைத்தார்கள். செப்டம்பரில் பேக்-12 அந்த வீட்டிலிருந்து போய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் நான்கையும் 2026 முதல் தங்களோடு சேரும்படி இழுத்தது. சில நாளில் யூட்டா ஸ்டேட்டும். கையோடு, அபராத ஷரத்து போட்டியை ஒடுக்குகிறது, சட்டவிரோதம் என்று வழக்கும் போட்டது. 1984-ல் ஓக்லஹோமா எந்தச் சட்டத்தைக் காட்டி ஜெயித்ததோ, அதே சட்டம்தான் இப்போது கார்வாலிஸுக்கும் புல்மனுக்கும் ஆயுதம். வயோமிங்கும் நெவாடாவும் நியூ மெக்சிகோவும் தாங்கள் எப்போது கழித்துக் கட்டப்பட்டோம் என்று விழித்தன. அடிபட்டவர்களிடம் அனுதாபம் இருந்தவர்களுக்குக்கூட இதை விழுங்குவது சிரமமாக இருந்தது. வேறு வழி இருந்ததா என்றால், எட்டு அணிக்குக் குறைந்தால் கூட்டணி என்ற அங்கீகாரமே போய்விடும்.

புது உறுப்பினர்கள் வரும்வரை இரண்டு பருவங்களைத் தள்ள வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 14-ல், இனி ஒரே கூட்டணியில் இல்லாத பழைய உறவினர்கள் மாநிலத்துக்கு ஒன்றாக மோதிக்கொண்டார்கள். கார்வாலிஸில் ஓரிகான் 49-14 என்று அடித்து நொறுக்கியது. சியாட்டிலில் வாஷிங்டன் கடைசி நிமிடத்தில் எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் வரை வந்தும் நுழைய முடியவில்லை. புல்மன்காரர்கள் 24-19 என்று ஜெயித்தார்கள்.

2025-ல் எதிரணி கிடைப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கல்லூரி ஃபுட்பாலில் ஒரே அணியோடு பருவத்தில் இரண்டு முறை ஆடுவது வழக்கமில்லை. ஓரிகான் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆடின - நவம்பர் முதல் தேதி கார்வாலிஸில் ஒரு முறை, மாதக் கடைசியில் புல்மனில் ஒரு முறை.